“ரோச்டேலா? அது எந்த ஊர்?” – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், “உங்களுக்குப் பிடித்த ஃபுட்பால் டீம் எது?” என்று கேட்டிருந்தார். “ரோச்டேல்” என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டார்களா! வந்த கடிதங்களில் பாதி “அச்சுப் பிழையா?” என்று கேட்கிறது, மீதி என்னைத் திட்டுகிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

யார் சார் இந்த ரோச்டேல்? லிவர்பூல், பார்சிலோனா என்றால் எல்லாரும் சொல்கிற பதிலாகிவிடும் என்று யாருக்கும் தெரியாத பெயராகப் பார்த்து எழுதினீர்களா?
– மு.செ., தூத்துக்குடி

சத்தியமாக இல்லை. மான்செஸ்டரில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை. மான்செஸ்டருக்கு வடகிழக்கே, ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற பழைய பஞ்சாலை ஊர் அது. கிளப் ஆரம்பித்தது 1907-ல், ஃபுட்பால் லீக்கில் சேர்ந்தது 1921-ல்.

இங்கிலாந்து ஃபுட்பாலைப் படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படி பிரீமியர் லீக், 20 டீம். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. ஆக மொத்தம் 92 கிளப். அதற்கும் கீழே நேஷனல் லீக், அப்புறம் இன்னும் பல படிகள். ரோச்டேல் பிறந்ததிலிருந்து மூன்றாவது படிக்கு மேல் ஏறியதே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, 1974-லிருந்து 2010 வரை, 36 வருடம், 92-ன் கடைசி டிவிஷனிலேயே உட்கார்ந்திருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் அந்த டிவிஷனுக்கே “ரோச்டேல் டிவிஷன்” என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள்.

அந்த 36 வருடத்துக்கு முந்தின சீசனைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1973-74-ல் 46 மேட்ச் ஆடி இரண்டே இரண்டில் ஜெயித்தார்கள். நிலக்கரித் தட்டுப்பாட்டால் நாடு முழுக்க மின்சாரக் கட்டுப்பாடு இருந்த குளிர்காலம் அது. மைதான விளக்குப் போட வழியில்லை என்று கேம்பிரிட்ஜ் யுனைடெட்டோடு ஒரு மேட்சை வேலை நாள் மத்தியானத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 600 பேர்கூட இல்லை. அந்த 600 பேர் யார், அன்றைக்கு என்ன சொல்லி லீவு போட்டார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1980-ல் நடந்தது அதைவிடக் கூத்து. அப்போதெல்லாம் கடைசி இடங்களைப் பிடித்த டீம்கள் தானாகக் கீழே போகாது, மற்ற கிளப்புகள் கூடி ஓட்டுப் போட்டுத்தான் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யும். ரோச்டேலுக்கு 26 ஓட்டு, உள்ளே வரத் துடித்த ஆல்ட்ரின்செமுக்கு 25. ஆல்ட்ரின்செமுக்கு ஓட்டுப் போட வேண்டிய ஒருவர் நேரத்தைக் குழப்பிக்கொண்டு தாமதமாக வந்தாராம், இன்னொருவர் ஓட்டுப் போடும் இடத்தில் இல்லாமல் வேறு எங்கோ நின்றாராம். ஆல்ட்ரின்செம்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். புலம்பட்டும்.

பக்கத்திலேயே மான்செஸ்டர் சிட்டி, யுனைடெட் இரண்டும் இருக்கும்போது, தோற்றுக்கொண்டே இருக்கிற டீமுக்கு ஒருவன் ஏன் காசு கொடுத்துப் போக வேண்டும்? இது என்ன தியாகமா, வறட்டுப் பிடிவாதமா?
– ஆர்.பி., கோவை

தியாகம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் அடிக்க வருவார்கள். தியாகி யாரும் தன் டீமின் லெஃப்ட் பேக் ஆட்டக்காரரைப் பற்றி அவ்வளவு கேவலமாகப் பேசமாட்டார்.

விஷயம் இதுதான். ஓல்டு டிராஃபோர்டில் 74,000 பேர் உட்காரலாம். நான் போகவில்லை என்றால் அந்த நாற்காலியில் அரை மணி நேரத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார், நான் வராதது யாருக்கும் தெரியாது. ரோச்டேலின் ஸ்பாட்லாந்து மைதானத்தில் சுமார் 10,000 பேருக்கு இடமுண்டு, வருவது பெரும்பாலும் இரண்டாயிரத்துச் சொச்சம், நல்ல நாளில் மூவாயிரம். அங்கே நூறு பேர் வராவிட்டால் கண்ணுக்குத் தெரியும், கணக்கிலும் தெரியும். 1983-லிருந்து லீக் மேட்சின் டிக்கெட் காசு முழுவதும் சொந்த மைதான டீமுக்குத்தான். மேலே இருப்பவர்களுக்கு டிவி பணம் கொட்டுகிறது, டிக்கெட் காசு அவர்களுக்குக் கூடுதல் வரும்படி. கீழே இருப்பவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் டிக்கெட் காசும், இடைவேளையில் வாங்கும் டீயும், ‘பை’ (pie) என்கிற இறைச்சிப் பலகாரமும் சேர்ந்துதான் யாரோ ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் சம்பளம்.

அப்புறம், பார்க்கிற சுகம். சாண்டி லேன் பக்கம் கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கிற பழைய பாணி டெரஸ், அதாவது நாற்காலி இல்லாத படிக்கட்டு, ஒன்று உண்டு. அங்கே நின்றால் கோல்கீப்பர் தன் டிஃபென்டர்களை என்ன வார்த்தை சொல்லித் திட்டுகிறார் என்பது சுத்தமாகக் கேட்கும். இந்தப் பத்திரிகையில் அதை எழுத முடியாது. சப்ஸ்டிட்யூட் ஆட்டக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிச் சூடேற்றுவார்கள். ஃபிளாஸ்கில் டீ கொண்டு வந்த பெரியவர் ஒருவர் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, போன வாரம் நீ அந்தப் பந்தை ஏன் இடது பக்கம் தள்ளவில்லை என்று விசாரித்தார். அந்தப் பையன் ஓடுவதை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனான். லைன்ஸ்மேனுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே ஒரு குழு ஒரே இடத்தில் நிற்கும். அவரும் எத்தனை நேரம்தான் முகத்தை இறுக்கமாக வைத்திருப்பார், ஒரு தடவை திரும்பிச் சிரித்தேவிட்டார். இதெல்லாம் எட்டாவது மாடி உயரத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பவருக்குக் கிடைக்காது.

தோற்பது எரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மழையில் நனைந்துகொண்டே 0-3 பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாழ்க்கையில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் 2010 ஏப்ரலில் நார்தாம்ப்டனை 1-0 என்று ஜெயித்து 36 வருடத்துக்கு அப்புறம் மேலே ஏறினபோது மைதானத்துக்குள் இறங்கி ஓடினவர்களில் பாதிப்பேருக்கு, அந்த டீம் மேல் டிவிஷனில் ஆடினதைப் பார்த்த ஞாபகமே கிடையாது. பிறக்கவே இல்லை. சிட்டி ரசிகருக்குக் கோப்பை கிடைக்கும், இது கிடைக்காது.

சிட்டியா, யுனைடெட்டா?
– தி.வ., மதுரை

இரண்டும் தோற்றால் சந்தோஷம்.

ரோச்டேல் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது கூட்டுறவுப் பயிற்சியில் படித்த “ரோச்டேல் முன்னோடிகள்”தான். அதே ஊரா?
– ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர், ஈரோடு

அதே ஊர்தான் ஐயா. 1844 டிசம்பரில் டோட் லேன் என்ற தெருவில் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி வைத்துக் கடை போட்ட அந்த 28 பேரின் ஊர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற விதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இந்த விதிக்கும் சின்ன டீம்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்டுகள் பல, சட்டப்படி கூட்டுறவுச் சங்கங்களின் அதே குடும்பத்தில் பதிவானவை. ஆளுக்கு ஒரு ஓட்டு. பெரிய உதாரணம் விம்பிள்டன். 2002 மே மாதம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று 2-1 என்ற முடிவில், லண்டன் விம்பிள்டன் கிளப்பை அப்படியே பெயர்த்து மில்டன் கீன்ஸ் என்ற வேற்றூருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? புதிதாக ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பை ஆரம்பித்து, விம்பிள்டன் பொதுப் புல்வெளியில் “ஆடத் தெரிந்தவர்கள் வரலாம்” என்று தேர்வு வைத்தார்கள், 200 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். ஒன்பதாவது படியில் ஆரம்பித்த அந்த டீம் 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தது, 2020-ல் பழைய விம்பிள்டன் மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதியிலேயே சொந்த மைதானம் கட்டிக்கொண்டது. மைதானச் செலவில் ஒரு பகுதிக்கு ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கிப் பணம் போட்டார்கள்.

ரோச்டேலிலும் 2021-ல் ஒரு வெளியூர்க் கம்பெனி பங்குகளை வாங்கிக் கிளப்பைப் பிடிக்கப் பார்த்தபோது முதலில் எழுந்து நின்றது ரசிகர் டிரஸ்ட்தான். டோட் லேன்காரர்களின் ஊரில் அது நடக்காமல் எங்கே நடக்கும்.

கீழ் டிவிஷனுக்கு இறங்குவதைவிடப் பெரிய துக்கம் ஒரு ரசிகனுக்கு உண்டா?
– ஜெ.கா., சென்னை

உண்டு. பெரி என்று ஒரு ஊர், ரோச்டேலுக்கு அடுத்த ஊர். கிளப் 1885-ல் பிறந்தது, இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை 1900-லும் 1903-லும் ஜெயித்தது. 1903 ஃபைனலில் டெர்பியை 6-0 என்று அடித்தார்கள். எஃப்.ஏ. கோப்பை ஃபைனலின் மிகப் பெரிய வெற்றி என்ற சாதனை நூறு வருடத்துக்கு மேல் பெரியின் பெயரில் மட்டும் இருந்தது. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை அதே 6-0-வில் ஜெயித்துச் சமன் செய்தது. ஆகஸ்ட்டில் பெரி கிளப்பே லீக்கில் இல்லை.

தோற்று வெளியே போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வசந்தத்தில் அவர்கள் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியிருந்தார்கள்! மைதானத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே ஆபீஸில் கடன் முற்றிவிட்டது. முந்தின டிசம்பரில் கிளப் கைமாறிய விலை ஒரு பவுண்டு. ஒரு பவுண்டுக்கு அந்த ஊரில் ஒழுங்கான டீ கிடைக்காது. கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று லீக் கேட்டுக் கேட்டுப் பார்த்து, ஒவ்வொரு மேட்சாகத் தள்ளிவைத்து, கடைசியில் ஆகஸ்ட் 27 அன்று நீக்கியது. அந்தக் கடைசி நாட்களில் கிளப்பின் முன்னாள் இயக்குநர் ஒருவர் கிக் லேன் மைதானத்தின் மழைநீர்க் குழாயில் கைவிலங்கு மாட்டித் தன்னைப் பிணைத்துக்கொண்டார். வாங்க ஆள் வந்திருக்கிறார், சனிக்கிழமை மேட்ச் நடக்கும் என்ற நம்பிக்கையில் ஊர்ஜனம் துடைப்பமும் வாளியுமாக வந்து நாற்காலிகளைத் துடைத்தது. துடைத்து முடித்த கையோடு செய்தி வந்தது.

டீம் ஐந்து கோல் வாங்கினால் ரசிகர் அடுத்த வாரமும் வருவார். கதவே பூட்டியிருந்தால் எங்கே வருவார்? அதனால்தான் சின்ன டீம் ரசிகர்கள் ஸ்கோரைப் பார்க்கிற அதே கவனத்தோடு வருடக் கணக்கு அறிக்கையையும் படிக்கிறார்கள். யார் கடன் கொடுத்திருக்கிறார், மைதானத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு அங்கே. பெரி, அப்புறம் 2021-ல் பெரிய கிளப்புகள் “சூப்பர் லீக்” என்று தனியாகப் போகப் பார்த்தது, இரண்டும் சேர்ந்துதான் 2025-ல் இங்கிலாந்தில் மேலே உள்ள ஐந்து டிவிஷனுக்கும் தனிக் கண்காணிப்பாளர் வைக்கும் சட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ரொம்பத் தாமதம், ஆனாலும் வந்ததே.

பெரிக்காரர்கள் விடவில்லை. புது கிளப் ஆரம்பித்து, இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டு, 2023-ல் ஒன்று சேர்ந்து, ஒன்பதாவது படியிலிருந்து ஆடி 2025-ல் ஒரு படி ஏறிவிட்டார்கள். ஏறின அன்று கிக் லேனில் கூட்டம் 8,000-ஐத் தாண்டியது. ஒன்பதாவது டிவிஷன் மேட்சுக்கு!

ரோச்டேலும் இந்தப் பள்ளத்தின் விளிம்புவரை போனது. 2021-ல் ஒரு படி, 2023-ல் இன்னொரு படி என்று இறங்கி, 102 வருடம் இருந்த லீக்கை விட்டு வெளியே வந்தது. 2024 ஆரம்பத்தில், பணம் போட ஆள் கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஊரில் பிறந்து கம்ப்யூட்டர் தொழிலில் சம்பாதித்த பீட்டர் ஆக்டனின் குடும்பம் வாங்கியதால் பிழைத்தது. எல்லா ஊருக்கும் இப்படி ஒரு குடும்பம் இருக்காது.

கடைசி நாளில் தப்பித்த கதைகள் சிலதைச் சொல்லுங்கோவன். உதைபந்தாட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.
– ந.சி., திருகோணமலை

மூன்று சொல்கிறேன்.

1987, டார்க்கி. இனிக் கடைசி டீம் ஓட்டெடுப்பு இல்லாமல் தானாகவே வெளியே என்று விதி மாறிய முதல் சீசன். க்ரூவோடு கடைசி மேட்ச், 0-2 பின்தங்கி ஒரு கோல் திருப்பியாயிற்று, இன்னும் ஒன்று வேண்டும். எல்லைக் கோட்டருகே ஓடிவந்த மெக்நிக்கல் என்ற டிஃபென்டரைப் போலீஸ் நாய் தொடையில் கடித்துவிட்டது. நாயின் பெயர் பிரின். அவருக்குக் கட்டுப்போட்ட நேரத்தை ரெஃப்ரி கூட்டிக் கொடுக்க, அந்தக் கூடுதல் நேரத்தில் டார்க்கி சமன் செய்து தப்பித்தது. வெளியே போனது லிங்கன் சிட்டி. நாய்க்கு ஊரே நன்றி சொன்னது, கடி வாங்கியவர் என்ன சொன்னாரோ.

1999, கார்லைல். கோல்கீப்பர் இல்லாமல் ஸ்விண்டனிலிருந்து சில மேட்சுக்குக் கடன் வாங்கி வந்த ஆள் ஜிம்மி கிளாஸ். பிளிமத்தோடு 1-1, நேரம் முடிந்துவிட்டது, கார்னர் கிடைக்கிறது. கிளாஸ் தன் கோலை அம்போ என்று விட்டுவிட்டு எதிர்க் கோலுக்கு ஓடிவந்து 95-வது நிமிடத்தில் அடித்தார். அந்த நேரத்தில், கார்லைல் ஜெயிக்காவிட்டால் தப்பிக்க இருந்த ஸ்கார்பரோவின் ரசிகர்கள் தங்கள் மேட்ச் முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று மைதானத்தில் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கார்பரோ இறங்கியது, 2007-ல் கிளப்பே கலைந்தது. ஜிம்மி கிளாஸ் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

மூன்றாவது எங்களுடையது. ஜோ தாம்ப்சன் ரோச்டேலில் ஆட ஆரம்பித்த மிட்ஃபீல்டர். 2013-ல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய், சரியானது. 2017-ல் திரும்ப வந்தது, மறுபடி சிகிச்சை. அந்த டிசம்பரில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். 2018 மே 5, சீசனின் கடைசி நாள், சார்ல்டனோடு மேட்ச், ரோச்டேல் பிழைக்குமா என்ற நிலை. 1-0. அடித்தது தாம்ப்சன். பக்கத்து ஊர் ஓல்டம் இறங்கிப் போனது. மறு வருடம் ஓய்வு பெற்றார், 2025 ஏப்ரலில் 36 வயதில் இறந்தார். ரோச்டேலில் யாரிடமாவது அந்த கோலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பஸ் போனாலும் பரவாயில்லை என்று நின்று சொல்வார்கள்.

சொந்த டீமைக் கூச்சல் போட்டுக் கேலி செய்யலாமா?
– எஸ்.எம்., திருச்சி

மேட்ச் முடிந்த பிறகு தாராளமாக. ஆட்டத்தின் நடுவில், அதுவும் வயசுப் பையன் ஒருவனைக் குறிவைத்து வேண்டாம். மூவாயிரம் பேர் இருக்கிற இடத்தில் உங்கள் குரல் அவன் காதில் தனியாக விழும், பந்தைக் காலில் வாங்கவே பயப்படுவான். முதலாளியைத் திட்ட நேரம் காலம் கிடையாது.

சால்ஃபோர்டில் படிக்க வந்திருக்கிறேன் அண்ணா. பிரீமியர் லீக் டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. சின்ன டீம் மேட்சுக்குத் தனியாகப் போகலாமா? நம்ம முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்களா?
– பெயர் வேண்டாம் என்றவர்

போங்க தம்பி, தாராளமா. ரோச்டேலுக்கு மான்செஸ்டர் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள், டிராமும் உண்டு, ஆனால் அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். இறங்கின இடத்திலிருந்து மைதானம் நடக்கிற தூரம்தான், மேட்டு ஊர், மூச்சு வாங்கும். பெரும்பாலான மேட்சுக்கு அன்றைக்கே டிக்கெட் கிடைக்கும், மாணவருக்குச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். கையுறையும் இரண்டு ஜோடி சாக்ஸும் முக்கியம், காங்கிரீட்டில் நின்றால் குளிர் பாதத்திலிருந்துதான் ஏறும். இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அந்த ‘பை’ பலகாரம் வாங்க வரிசையில் நின்றுவிடுங்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தது நன்றாக இருக்கும், உள்ளே கொதிக்கும், அவசரப்பட்டால் நாக்கு போய்விடும். பீர் குடிப்பவர் என்றால், மைதானம் கண்ணில் படுகிற இடத்தில் கையில் வைத்திருக்கக் கூடாது, மேல் ஐந்து டிவிஷனுக்கு 1985-லிருந்து சட்டம் அப்படி.

முகம் பற்றிக் கேட்டீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். ஊரில் பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினர் ஏராளம், மைதானத்தில் அந்த அளவுக்குத் தெரியாது. முதல் நாள் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கலாம். நான் போன காலத்தில் அடுத்த கேள்வி பெரும்பாலும் “நீ வேறு டீம் ரசிகனா, வழி தவறி வந்துவிட்டாயா?” என்பதாகத்தான் இருந்தது. யாராவது கேவலமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், மஞ்சள் கோட் போட்ட ஸ்டீவர்டிடம் அங்கேயே சொல்லுங்கள், அது குற்றம். இரண்டு மூன்று தடவை ஒரே இடத்தில் நின்று பாருங்கள், நான்காவது தடவை நீங்கள் வராவிட்டால் எங்கே என்று விசாரிப்பார்கள்.

என் மகனுக்கு பத்து வயது. அப்பாவோடு போய்ப் போய் டிரான்மியர் ரோவர்ஸ் ரசிகனாகிவிட்டான். வகுப்பில் எல்லாரும் லிவர்பூல், எவர்ட்டன். தினமும் கேலி. டீமை மாற்றச் சொல்லலாமா?
– ஒரு தாய், பர்க்கன்ஹெட்

மாற்றச் சொன்னால் மாறமாட்டான் அம்மா, அப்பா வேறு உடந்தை. கேலி செய்கிற பையன்களில் எத்தனை பேர் லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டுக்குள் போயிருக்கிறார்கள் என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் டிவியில் பார்த்ததோடு சரி. அடுத்த மேட்சுக்கு அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கான ஒருவனையே உங்கள் செலவில் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வழியில் நின்றால் கையெழுத்தும் போட்டோவும் கிடைக்கும். திங்கட்கிழமை வகுப்பில் பேச்சு மாறும். மாறாவிட்டாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு டிரான்மியர் ரசிகன் கிடைத்திருப்பான்.

இவ்வளவு சொல்கிறீர்களே, இங்கே இருந்தே ஸ்கோர் பார்க்க எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?
– வெ.ரா., சேலம்

சனிக்கிழமை அங்கே மத்தியானம் மூன்று மணி என்றால் நமக்கு ராத்திரி ஏழரை, அவர்கள் குளிர்காலக் கடிகாரத்துக்கு மாறின பிறகு எட்டரை. ஒன்பதரை, பத்தரைக்கெல்லாம் முடிந்துவிடும். சாப்பாட்டை மட்டும் முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் இறங்காது.